சாவே வராதவர்களின் காமிக்ஸ்: எதை முதலில் கையில் எடுப்பது?

எங்கள் வீட்டுக் கேரம் போர்டு ஸ்டாண்டில் ஒரு கால் குட்டை. அதற்கு இப்போது முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பது கெட்டி அட்டை போட்ட ஒரு மார்வெல் காமிக்ஸ் தொகுப்பு. என் அக்கா பையன் வாங்கியது. பாலிடெக்னிக் படிக்கிறான், 2021-இல் வந்த எடர்னல்ஸ் படத்தைப் போனில் பார்த்துவிட்டு இதன் காமிக்ஸைப் படித்தே தீருவேன் என்று கிளம்பினான். நெட்டில் தேடினால் நாற்பது புத்தகங்களுக்குப் பட்டியல் வந்தது, பொங்கல் காசு மொத்தத்தையும் போட்டு இருப்பதிலேயே குண்டானதை ஆர்டர் செய்தான், அது ஒரு பெரிய கதையின் நட்ட நடுவில் தொடங்குகிற தொகுப்பு. மூன்றாம் பக்கத்தில் ஒருவன் செத்தான். பன்னிரண்டாம் பக்கத்தில் அவனே வந்து நின்று பேசினான். "இன்னா மாமா இது, செத்தவன் சோக்கா நின்னு பேசிக்கினு இருக்கான்?" என்றான். விளக்க ஆரம்பித்த எனக்கே இருபது நிமிஷத்தில் தலை சுற்றிவிட்டது. அன்று சாயங்காலமே புத்தகம் ஸ்டாண்டுக்கு அடியில் போனது.

அவனை மறுபடி உட்கார வைத்து, இந்த முறை ஒழுங்காக, எந்த வரிசையில் படிக்க வைத்தேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய புராணங்களிலிருந்து பிடித்துக்கொண்டுவந்து முதுகில் கேப் மாட்டிவிட்ட சாகாவரக் கதாபாத்திரங்கள், அவர்களைப் பற்றி மட்டும். பேட்மேன், ஸ்பைடர்மேன் ரசிகர்கள் மன்னிக்கவும்.

கடைக்குப் போகும் முன்

முதல் வேலைக்குக் காசு வேண்டாம். ஒரு பேப்பரில், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சாகாதவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். வியாசர்பாடிக்காரனுக்கு இது சுலபம், ஊர்ப் பெயரிலேயே ஒருவர் இருக்கிறார். வியாசர் இங்கே தங்கினார், அதனால்தான் இந்தப் பெயர் என்று ரவீசுவரர் கோயில் பக்கம் சொல்வார்கள். பெயர்க்காரணம் எப்படியோ போகட்டும், ஆள் ஏழு சிரஞ்சீவிகளில் ஒருவர். மற்ற ஆறு பேர் அசுவத்தாமன், மகாபலி, அனுமன், விபீஷணன், கிருபர், பரசுராமர். எட்டாவதாக மார்க்கண்டேயனைச் சேர்ப்பதும் உண்டு.

இப்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவர் சாகாமல் இருப்பது வரமா சாபமா என்று எழுதிப் பாருங்கள். மார்க்கண்டேயனுக்கு வரம், என்றும் பதினாறு. அசுவத்தாமனுக்குச் சாபம்: தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றதற்கும் உத்தரையின் வயிற்றுக் குழந்தை மேல் அஸ்திரம் விட்டதற்கும் தண்டனையாக, சீழும் ரத்தமும் வடிய, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் மூவாயிரம் வருஷம் அலைய வேண்டும் என்று கண்ணன் சொல்கிறான். அனுமனை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? வரம்தான், சந்தேகமில்லை. ஆனால் யாருக்காக வாழ்ந்தாரோ அந்த ராமன் போய்விட்டான், இவர் இருக்கிறார். என் அக்கா பையன் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். அவன் யோசித்த அந்த ஒரு நிமிஷம் போதும், இந்த வகைக் காமிக்ஸுக்குள் நுழைய.

ஏனென்றால் சாகாதவன் போடுகிற சண்டையில் சுவாரசியம் கிடையாது. அடிபடுவான், எழுந்துவிடுவான், அவ்வளவுதான். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டை பார்த்த ஊர் நம்முடையது. விழுந்தவன் எழுந்திருக்காமலே போகலாம் என்கிற பயம் இருந்ததால்தான் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால், கதை எழுதுகிறவன் வேறு எங்காவது அதைக் கொண்டுவந்து வைத்தாக வேண்டும். இவன் சாகாமல் இருக்க என்ன விலை, அதை யார் கட்டுகிறார்கள்? எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தக் கேள்வியோடு திறந்தால் நல்லது எது, வெறும் அடிதடி எது என்று பத்தே பக்கத்தில் தெரிந்துவிடும். அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தது புறநானூற்று 91-ஆம் பாட்டில் இருக்கிறது. அந்தக் கனியை அவனே தின்றிருந்தால் இன்றைக்கு அவனை நாம் பேசிக்கொண்டிருப்போமா என்ன?

எத்தனை ரகம்

அடுத்த வேலை ரகம் பிரிப்பது. இதைச் செய்யாததால்தான் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள்.

நிஜமான புராணக் கடவுள் அதே பெயரோடு வருவது ஒரு ரகம். வடக்கு ஐரோப்பாவின் பழைய இடிக் கடவுள் தோர் 1962-இலேயே மார்வெலுக்கு வந்துவிட்டார், ஹெர்குலிஸ் 1965-இல் வந்தார். இரண்டாவது, பழங்கால மனிதர்கள் யாரையோ பார்த்துவிட்டு அவர்களைக் கடவுள் என்று தப்பாக நினைத்துக்கொண்டார்கள் என்கிற ரகம், எடர்னல்ஸ் அதில்தான் சேரும். மூன்றாவது, பழைய புராணம் எதையும் கடன் வாங்காமல் புதுசாக ஒரு புராணத்தையே கட்டுவது, மார்வெலின் போட்டிக் கம்பெனியான டிசியின் நியூ காட்ஸ் போல. நான்காவது, சாதாரண ஆளுக்குக் கடவுள்கள் சக்தியைக் கொடுப்பது: 1940-இல் வந்த ஷஜாம் ஞாபகமிருக்கிறதா, அந்தப் பெயரைச் சொன்னால்தான் சக்தி வரும், அந்த மந்திரச் சொல்லே சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ், ஜீயஸ், அகிலீஸ், மெர்குரி என்று ஆறு பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கட்டியதுதான்.

ஐந்தாவதாக ஒரு போலி ரகமும் இருக்கிறது, நமக்கு ரொம்பப் பழக்கமானது. ராணி காமிக்ஸில் மாயாவி என்றும், சிவகாசி முத்து காமிக்ஸ்காரர்கள் புத்தகங்களில் வேதாளர் என்றும் வந்த ஃபேன்டம். 1936-இல் லீ ஃபால்க் உருவாக்கியது. காட்டு ஜனங்கள் இவனுக்குச் சாவே இல்லை, நானூறு வருஷமாக இருக்கிறான் என்று நம்புவார்கள். விஷயம் என்னவென்றால் அப்பன் செத்ததும் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறான், நாம் படிப்பது இருபத்தொன்றாவது ஆளின் கதை. புராணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் சாகாவரம் எப்படி ஒரு வதந்தியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, வீட்டில் பழைய ராணி காமிக்ஸ் கிடந்தால் முதலில் அதைத் தூசு தட்டுங்கள்.

முதல் புத்தகம்: தோர்தான், ஆனால் 1962 வேண்டாம்

எல்லாரும் செய்கிற தப்பு, முதல் இதழிலிருந்து தொடங்குவது. ஜர்னி இன்டு மிஸ்டரி 83-ஆம் இதழ், ஸ்டான் லீயும் லாரி லீபரும் ஜாக் கிர்பியும் சேர்ந்து செய்தது, வரலாற்றில் பெரிய இடம்தான். ஆனாலும் இப்போது எடுத்துப் படித்தால் கொட்டாவி வரும். பிற்பாடு ஆசை வந்தால் படித்துக்கொள்ளலாம்.

நான் கொடுத்தது 2012-இல் தொடங்கிய தோர்: காட் ஆஃப் தண்டர், முதல் பதினோரு இதழ்கள் மட்டும். எழுதியவர் ஜேசன் ஆரன், பெரும்பகுதி வரைந்தவர் எசாட் ரிபிச். இதற்கு முன் ஒரு பக்கம்கூடத் தோர் படித்திருக்க வேண்டியதில்லை. தொடக்கம் எப்படி என்றால், இண்டிகார் என்று எங்கேயோ ஒரு கிரகம், மழையே இல்லை, ஒரு சின்னப் பெண் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொள்கிறாள். அங்கிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிற தோரின் காதில் அது விழுகிறது, மழையோடு வந்து இறங்குகிறார். ஜனங்கள் விருந்து வைத்துக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் அவர் கேட்கிறார், உங்கள் ஊர்ச் சாமிகளெல்லாம் எங்கே? எங்களுக்கு அப்படி யாரும் இல்லை என்கிறார்கள். இல்லாமல் எப்படி இருக்கும் என்று தேடிப் போனால் அந்த ஊர்த் தெய்வங்கள் எல்லாம் அவர்கள் மண்டபத்திலேயே வெட்டிக் கிடக்கின்றன. 2019-இல் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் வேண்டுதல் சும்மா ஒரு காட்சியாகத் தெரியாது.

வெட்டியவன் பெயர் கோர். அவன் கதை ஆறாம் இதழில் வரும். பசியிலும் தாகத்திலும் பெண்டாட்டி பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுத்தவன், கும்பிட்டுக் கும்பிட்டு ஒரு சாமியும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் வானத்திலிருந்து அடிபட்டு விழுந்த ஒரு சாமி அவனிடமே உதவி கேட்கிறது. நம் ஊரில் அம்மனைத் திட்டிக்கொண்டே கற்பூரம் ஏற்றுகிற கிழவிகளைப் பார்த்திருக்கிறோம் இல்லையா, அவர்கள் கோபத்தின் ஒரு முனையை எடுத்துக் கத்தியாக்கினால் அதுதான் கோர். வில்லன் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதையில் மூன்று தோர் வருகிறார்கள். கி.பி. 893-இல் ஐஸ்லாந்தில் குடித்துக் கும்மாளம் போடுகிற, சுத்தியலைத் தூக்கும் தகுதி இன்னும் வராத இளவட்டம். இன்றைக்கு இருக்கிற தோர். காலத்தின் கடைசி ஓரத்தில் ஒற்றைக் கண்ணோடு, ஒரு கையை இழந்து, யாருமே இல்லாத அரண்மனையில் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கிழவர். அந்தக் கிழவர் வருகிற பக்கங்களில் நிறத்தையும் காலி இடத்தையும் பாருங்கள், வசனத்தை அப்புறம் படிக்கலாம். விலை என்ன என்று கேட்டோமே, அதற்கான பதில் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

இது பிடித்துப்போனால் அடுத்தது வால்ட் சைமன்சன், 1983 நவம்பர் தேதியிட்ட 337-ஆம் இதழிலிருந்து. குதிரை முகத்தோடு பீட்டா ரே பில் என்கிற வேற்றுக்கிரகத்தான் வந்து தோரின் சுத்தியலையே தூக்கிவிடுவான். கூடவே, பல இதழ்களில் கதைக்கு நடுவில் யாரோ எங்கேயோ வாள் அடிக்கும் காட்சி கொஞ்சம் வரும், 'டூம்' என்று பட்டறைச் சத்தம் பக்கம் முழுவதும் பெரிய எழுத்தில். யார், எதற்கு என்று பல மாதம் சொல்லவே மாட்டார். காசிமேட்டுப் பக்கம் பட்டறைச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் காதிலேயே கேட்கும், சத்தியமாக.

இரண்டாவது: எடர்னல்ஸ்

இதற்கு மட்டும் பழசிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் சின்னது. 1976 ஜூலை தேதியிட்ட முதல் இதழ், மொத்தம் பத்தொன்பது இதழ்கள், ஒரு ஆண்டு மலர், அத்தோடு சரி. ஜாக் கிர்பி தானே எழுதித் தானே வரைந்தது. பழங்கால மக்கள் கடவுள் என்று கும்பிட்டதெல்லாம் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்கள்தான் என்று எரிக் வான் டேனிகன் 1968-இல் ஒரு புத்தகம் எழுதி உலகம் முழுக்க அது பேச்சாக இருந்த காலம். அந்தக் கருத்துக்கு ஆதாரம் ஒன்றும் நிற்கவில்லை, அது வேறு. கதைக்கு மட்டும் அது அருமையான விறகு.

ஆண்டீஸ் மலையில் ஒரு தொல்லியல் பேராசிரியரும் அவர் மகளும் பாழடைந்த ஒரு மண்டபத்துக்குள் போகிறார்கள், கூடவே ஐக் ஹாரிஸ் என்கிற வழிகாட்டி. பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இகாரிஸ்! மெழுகு இறக்கையோடு சூரியனிடம் பறந்து விழுந்தானே கிரேக்க இகாரஸ், அவன் பெயர். கிர்பிக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும்: மக்காரிதான் மெர்குரி, தீனாதான் அதீனா, சூரஸ்தான் ஜீயஸ், செர்சிதான் ஹோமர் கதையில் மனிதர்களைப் பன்றியாக்கிய சூனியக்காரி சர்சி. நிஜப் பெயர் ஒன்று, மனிதர்கள் காதில் விழுந்தது இன்னொன்று என்று வைத்தார். இது நமக்குப் புரியாமல் போகுமா? பாரி என்கிற வெள்ளைக்காரரின் கம்பெனி இருந்த முனை நம் வாயில் பாரிஸ் ஆகிவிட்டது, வெளியூர்க்காரன் பிரான்ஸ் நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறான்.

கதையின் கணக்கு இது. பத்து லட்சம் வருஷத்துக்கு முன் செலஸ்டியல்ஸ் என்கிற மலை அளவு விண்வெளி ராட்சசர்கள் வந்து, குரங்கிலிருந்து மனிதனாகிக்கொண்டிருந்த இனத்தை வைத்துப் பரிசோதனை செய்தார்கள். அதில் மூன்று வகை வந்தது: சாவில்லாத எடர்னல்ஸ், ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லாத கோர உருவ டீவியன்ட்ஸ், நடுவில் நாம். இப்போது அந்த ராட்சசர்கள் திரும்பி வந்து, அரிஷெம் என்பவன் ஐம்பது வருஷம் அசையாமல் நின்று பூமிக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறான். ஐம்பது வருஷம்! சிவில் வழக்கு மாதிரி. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து கிர்பி இவர்களை வரைந்திருக்கும் பிரம்மாண்டத்தைப் போன் திரையில் பார்க்காதீர்கள், பாவம் அது. அச்சில் பாருங்கள், இல்லாவிட்டால் டேப்லட்டை அகலவாக்கில் திருப்பியாவது.

ஒரு எச்சரிக்கை. கிர்பி இதைத் தனி உலகமாகத்தான் யோசித்தார், பிற்பாடு மார்வெல் தன் மற்றக் கதைகளோடு இழுத்துச் சேர்த்தது. அதனால் மார்வெலில் நிஜ ஜீயஸும் இருக்கிறார், சூரஸும் இருக்கிறார், இருவரும் வேறு வேறு ஆட்கள். இதற்கு ஏதோ சமாதானம் சொல்லியிருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, தள்ளிவிட்டுப் படியுங்கள்.

நடுவில் 1985-இல் ஒரு பன்னிரண்டு இதழ்த் தொடர் வந்தது, படத்தில் வந்த ஃபாஸ்டோஸ் அதில்தான் அறிமுகம். அவசரமில்லை. நேரே 2021-க்குத் தாவுங்கள், கீரன் கில்லன் எழுதி எசாட் ரிபிச் வரைந்தது, அதே தோர் ஓவியர். அக்கா பையன் கேட்டானே, செத்தவன் எப்படி வந்து நிற்கிறான் என்று, அதைத்தான் இந்தத் தொடர் ஒரு முழுக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறது. எடர்னல்ஸ் செத்தால் பூமிக்குள் இருக்கிற ஒரு மாபெரும் இயந்திரம் அவர்களைத் திரும்ப உருவாக்கி அனுப்பும். லட்சக்கணக்கான வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அதற்கு இயந்திரம் என்ன எடுத்துக்கொள்கிறது என்பது முதல் ஆறு இதழுக்குள் வந்துவிடும், நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்க வேண்டியவன், இறங்கவில்லை.

படம் பார்த்தவர்களுக்கு மட்டும்: கிங்கோ காமிக்ஸில் பாலிவுட் நடிகர் கிடையாது. வாள் வீசுகிற ஜப்பானிய சினிமா நட்சத்திரம். பட்டியலில் தேடிவிட்டுக் காணோமே என்று குழம்ப வேண்டாம்.

கில்காமெஷ் படத்திலும் வருவார், காமிக்ஸில் 1977-இல் 'மறக்கப்பட்டவன்' என்ற பெயரில் வந்து, 1989-இல் அவெஞ்சர்ஸ் குழுவிலும் சேர்ந்தார். இதில் ஒரு வேடிக்கை. மெசபடோமியாக் களிமண் பலகைகளில் இருக்கிற நிஜக் கில்காமெஷ் கதையில், நண்பன் செத்த பயத்தில் சாகாவரம் தேடி உலகத்தின் ஓரம் வரை போகிறவன் அவன். கடலடியிலிருந்து இளமை திரும்பும் செடியைப் பறித்தும் விடுகிறான், குளிக்க இறங்கிய நேரத்தில் பாம்பு வந்து தின்றுவிட்டுப் போய்விடுகிறது. வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். அதாவது சாகாவரம் கிடைக்காதவன் என்பதற்காகவே நாலாயிரம் வருஷமாகப் பேசப்படுகிற ஆளைக் கூட்டிவந்து சாகாதவர்கள் கோஷ்டியில் சேர்த்துவிட்டார்கள். அவன் மூலக்கதையை யாராவது சுருக்கமாகவாவது படித்துவிட்டு இந்தக் காமிக்ஸைப் படித்தால் ரசமே வேறு.

மற்றவை, சட்டென்று

நியூ காட்ஸ்: கிர்பி மார்வெலை விட்டு டிசிக்குப் போய் 1971-இல் தொடங்கியது, பதினோரு இதழ்கள். பழைய கடவுள்கள் அழிந்த பிறகு வந்த புதிய கடவுள்கள் இரண்டு கிரகமாகப் பிரிந்து சண்டை. சமாதானத்துக்காக இரண்டு தலைவர்களும் மகன்களை மாற்றிக்கொள்வார்கள், கெட்டவன் பிள்ளை நல்ல வீட்டில், நல்லவன் பிள்ளை நரகத்தில். 7-ஆம் இதழ் அந்தக் கதை, அதை ஒன்றை மட்டும் படித்தாலும் போதும். இந்த உலகத்திலிருந்து வந்த மிஸ்டர் மிராக்கிள் தொடர், 2017-இல் டாம் கிங் எழுதியது, பெரியவர்களுக்கானது. தற்கொலை முயற்சியில்தான் தொடங்குகிறது, சின்னப் பையன்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

வொண்டர் வுமன் 1941-இலிருந்தே இருக்கிறாள். பழைய கதையில் அம்மா களிமண்ணில் பிடித்து வைத்த குழந்தைக்குத் தேவதைகள் உயிர் கொடுப்பார்கள், பார்வதி மஞ்சளில் பிள்ளையார் பிடித்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. 1987-இல் ஜார்ஜ் பெரெஸ் திரும்பத் தொடங்கியது நல்ல வாசல். 2011-இல் பிரையன் அசரெல்லோ எழுதிய 35 இதழ்கள் வேறு மாதிரி: கிரேக்கக் கடவுள்கள் எல்லாரும் சொத்துத் தகராறில் இருக்கிற ஒரு ரவுடிக் குடும்பம்.

தி விக்கெட் அண்ட் தி டிவைன், 2014 முதல் 2019 வரை, இதுவும் கில்லன்தான். தொண்ணூறு வருஷத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு கடவுள்கள் இளவயசுக்காரர்கள் உடம்பில் வருவார்கள், பாடகர்களாகக் கூட்டம் சேர்ப்பார்கள், இரண்டு வருஷத்துக்குள் செத்தும் விடுவார்கள். கடவுளாகத்தான் இருக்க முடியும், ஆயுசு கிடையாது. சாகாவரத்தைச் சட்டை போல உள்வெளியாகத் திருப்பிப் போட்ட கதை. கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது, படிப்பது

அமெரிக்கக் காமிக்ஸ் மாதாமாதம் இருபது சொச்சம் பக்கத்தில் மெல்லிய இதழாக வரும், ஐந்தாறு இதழைச் சேர்த்து ஒரு தொகுப்பு போடுவார்கள், அதற்கும் மேலே நம் ஆட்கள் பாஷையில் குண்டு புக். புதியவர்கள் வாங்க வேண்டியது நடுவில் இருக்கிற தொகுப்பு. அட்டையில் 'முதல் தொகுதி' என்று இருந்தாலே முதல் கதை என்று அர்த்தம் இல்லை. இப்போதெல்லாம் எழுத்தாளர் மாறினால் பெரும்பாலும் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள், அதனால் தோர் முதல் இதழ் என்று தேடினால் பல கிடைக்கும். எழுத்தாளர் பெயர், தொடங்கிய வருஷம் இரண்டையும் வைத்துத் தேடுங்கள், எண்ணை நம்பாதீர்கள். அக்கா பையன் மாட்டிக்கொண்டது இதில்தான். உள் பக்கத்தில் எந்த எந்த இதழ்கள் சேர்ந்திருக்கின்றன என்று சின்ன எழுத்தில் இருக்கும், காசு கொடுக்கும் முன் அதைப் படிக்க வேண்டும். அட்டையில் இருக்கிற மாதமும் கடைக்கு வந்த மாதமும்கூட ஒன்றாக இருக்காது, ரெண்டு மூன்று மாதம் தள்ளித்தான் போடுவார்கள்.

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய பழைய புத்தகக் கடைகளில் அவ்வப்போது நல்ல சரக்கு வரும். பொறுமை வேண்டும், பேரம் பேசத் தெரிய வேண்டும், கையில் எடுத்த புத்தகத்தை ஆசையோடு பார்க்கவே கூடாது. மார்வெலின் ஆப்பில் மாதச் சந்தா கட்டியும் படிக்கலாம், புது இதழ்கள் சில மாதம் கழித்து அதில் வரும், பழசு கொட்டிக் கிடக்கிறது. ஒரு மாதம் மட்டும் கட்டி, மேலே சொன்ன ரெண்டு தொடரையும் முடித்துவிட்டு, பிடித்ததை மட்டும் அச்சில் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஆங்கிலம் தடுக்கிறது என்றால் தமிழிலேயே ஒரு வாசல் இருக்கிறது. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து இன்றும் வருகின்றன, தோர்கல் கதைகளைத் தமிழில் போட்டிருக்கிறார்கள். 1977-இல் தொடங்கிய பெல்ஜியத் தொடர். தோர் வேறு, தோர்கல் வேறு. விண்வெளியிலிருந்து வந்த இனத்தின் குழந்தையை வைக்கிங்குகள் எடுத்து வளர்க்கிறார்கள், அவனுக்குச் சாகாவரம் ஒன்றும் இல்லை, வடநாட்டுக் கடவுள்களின் வழியில் போய்ப் போய் மாட்டிக்கொள்கிறான், பெண்டாட்டி பிள்ளையோடு நிம்மதியாக இருக்க விட்டால் போதும் என்பதுதான் அவன் பிரார்த்தனை. வடநாடு என்றதும் உத்தரப்பிரதேசம் என்று நினைக்காதீர்கள், இது ஐரோப்பாவின் வடக்கு. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் இவர்கள் ஸ்டால் இருக்கும், சிவகாசிக்கே சந்தா கட்டினால் வீட்டுக்கும் வரும்.

திருத்தக் கிளம்பாதீர்கள்

ரெண்டு புத்தகம் முடித்ததும் எல்லாருக்கும் ஒரு வியாதி வரும். மூலப் புராணத்தைத் தேடிப் படித்துவிட்டு, காமிக்ஸ்காரன் தப்புத் தப்பாகச் செய்திருக்கிறான் என்று சண்டைக்குப் போவது. ஆமாம், வைக்கிங் கதைகளில் தோருக்குச் செம்பட்டைத் தாடி, காமிக்ஸில் மழுங்கச் சிரைத்த பொன்னிற முடி. லோகி அங்கே தோரின் அப்பா ஓடினின் ரத்த சகோதரன், இங்கே தத்துப் பிள்ளை. அங்கே கடவுள்களே சாகாதவர்கள் கிடையாது, இடுன் என்கிற தேவதையின் ஆப்பிளைத் தின்றுதான் கிழடு தட்டாமல் இருக்கிறார்கள், கடைசி யுத்தத்தில் தோர் உலகப் பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து, விஷம் ஏறி விழுந்து சாகிறார். நாமும் வில்லி பாரதத்துக்கும் தெருக்கூத்துக்கும் வித்தியாசம் பார்த்துத் திருத்திக்கொண்டா இருக்கிறோம்? கூத்தில் துச்சாதனன் நடுவில் நின்று முனிசிபாலிட்டியைக் கிண்டலடிப்பான், யாரும் கோவித்துக்கொள்வதில்லை.

ஆனால் மூலத்தைப் படிப்பதில் ஒரு லாபம் உண்டு, ஆட்டுக் கதை கிடைக்கும். தோரின் தேரை இழுப்பவை இரண்டு கிடாய்கள். வழியில் பசித்தால் அவற்றையே வெட்டிச் சமைத்துச் சாப்பிடுவார், எலும்பை மட்டும் தோலின் மேல் போடச் சொல்வார், காலையில் சுத்தியலைக் காட்டினால் கிடாய்கள் எழுந்து நிற்கும். ஒருமுறை ஒரு குடியானவன் வீட்டில் விருந்து. அந்த வீட்டுப் பையன் ஆசை தாங்காமல் நல்லி எலும்பை உடைத்து உறிஞ்சிவிட்டான். காலையில் ஒரு கிடாய் நொண்டியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்த அக்கா பையனிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பையன் மேல தப்பே இல்ல மாமா" என்றான். அன்றைக்குத்தான் ஆள் கதைக்குள் வந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. சைமன்சன் தொடரிலும் அந்தக் கிடாய்கள் வரும், தேடிக்கொள்ளுங்கள்.

அதேபோல் யார் பலசாலி, தோரா இகாரிஸா என்கிற பஞ்சாயத்திலும் இறங்காதீர்கள். எழுதுகிறவன் யார் பக்கமோ அவன் ஜெயிப்பான்.

எங்கே வைப்பது

வடசென்னையில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம். இந்தப் புத்தகங்கள் வழவழ ஆர்ட் பேப்பர். கடல் காற்று ஈரத்துக்கே ஓரம் நெளியும், தண்ணீர் பட்டுவிட்டால் காயும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அப்புறம் பிரித்தால் படம் உரிந்து வரும். தரையிலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காதீர்கள், பரண் அல்லது மேல் ஷெல்ஃப், நிமிர்த்தி வையுங்கள், செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா பாக்கெட் ரெண்டைப் பக்கத்தில் போடுங்கள். நனைந்துவிட்டால் காயும் முன்பே ஈரத்தோடு ஒவ்வொரு தாளாகப் பிரித்து நடுவில் வெறும் வெள்ளைத்தாள் வைக்க வேண்டும். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு இதெல்லாம் 2023 டிசம்பர் புயல் மழையில்தான் தெரிந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் கீழ்த்தட்டு மிதந்துகொண்டிருந்தது. ஜேசன் ஆரனின் தோர் இரண்டாம் தொகுப்பில் கடைசி எட்டுப் பக்கமும் ஒரே பலகையாகிவிட்டது. அக்கா பையன் அந்தப் பிரதியைத்தான் படித்தான். கோர் என்ன ஆனான், அந்தக் கிழட்டுத் தோர் பிழைத்தாரா என்று இன்றைக்கு வரை அவனுக்குத் தெரியாது, நெட்டில் பார்க்கவும் மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறான், அல்லிக்குளத்தில் அந்தத் தொகுப்பை ஞாயிறு தவறாமல் தேடிக்கொண்டிருக்கிறோம். கேரம் போர்டுக்கு அடியில் இருக்கிற குண்டு புக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கு ஸ்டாண்டோடு மாடிக்குப் போயிருந்தது.